பெண்களுக்குக் குருப்பட்டம்: வாக்கெடுப்பு முடிந்த பிறகு

"மகள் இறையியல் படித்துக் குருவானவராக வேண்டும் என்கிறாள். சில சபைகளில் பெண்கள் பேராயர்களாகவே இருக்கிறார்கள், சிலவற்றில் பெண் பிரசங்க பீடத்தில் ஏறவே கூடாது. எல்லாருக்கும் வேதாகமம் ஒன்றுதானே, பிறகு ஏன் இந்த வித்தியாசம்? காலப்போக்கில் எல்லாச் சபைகளும் ஏற்றுக்கொண்டுவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் வேதாகமம் பற்றிய கேள்வி இருக்கிறது, எதிர்காலம் பற்றிய கேள்வியும் இருக்கிறது. ஆனால் பிள்ளையைப் பெற்றவராக நீங்கள் உள்ளபடியே கேட்பது வேறு என்று நினைக்கிறேன். இதுவரை வந்திருக்கும் மாற்றம் நிலைத்து நிற்குமா, அதை நம்பி ஒரு பெண் தன் வாழ்நாளை ஒப்புக்கொடுக்கலாமா? அதற்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

திருச்சபை வரலாறு கற்பிப்பது என் தொழில். குருத்துவப் பயிற்சிக்கு வந்த பெண்கள் பலருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அவர்கள் பணிக்குப் போன பிறகும் அவர்களோடு தொடர்பில் இருக்கிறேன். சீர்திருத்த சபைகளின் வரலாற்றில்தான் எனக்குப் பழக்கம் அதிகம். கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகளைப் பற்றி அவர்களுடைய ஆவணங்களை வைத்துப் பேசுவேனே தவிர உள்ளிருந்து பேச இயலாது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுப்பது சரி என்பதே என் நம்பிக்கை. எதிர்ப்பவர்களின் வாதத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும் விதத்தில் சொல்லப் பார்க்கிறேன். ஆனாலும் நடுவில் நிற்பவர் எழுதியது என்று எண்ணி இதைப் படிக்க வேண்டாம்.

வேதாகமத்திலிருந்து தொடங்குவோம். உறுதியாகச் சொல்லக்கூடியது, புதிய ஏற்பாட்டில் இரண்டு பக்கமும் இழுக்கும் வசனங்கள் இருக்கின்றன என்பது. 1 தீமோத்தேயு 2:12, உபதேசம்பண்ணவும் புருஷன்மேல் அதிகாரம் செலுத்தவும் பெண்ணுக்கு உத்தரவில்லை என்கிறது. 1 கொரிந்தியர் 14:34-35 பெண்கள் சபையில் பேசாமல் இருக்கச் சொல்கிறது. அதே கடிதத்தின் 11ஆம் அதிகாரமோ பெண்கள் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் நடப்பிலுள்ள வழக்கமாகவே எடுத்துக்கொண்டு, அப்போது தலையை மூடிக்கொள்வது பற்றி மட்டும் பேசுகிறது. ரோமர் 16இல் கெங்கிரேயா சபையில் ஊழியம் செய்த பெபேயாள் வருகிறார், அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவராக யூனியா வருகிறார். 4ஆம் நூற்றாண்டின் பெரிய பிரசங்கியான கிறிசோஸ்தோம் யூனியாவைப் பெண் என்றே கொண்டு, அப்போஸ்தலர் என்ற பெயருக்குத் தகுதியானவர் என்று புகழ்ந்திருக்கிறார். கலாத்தியர் 3:28இல் "ஆணென்றும் பெண்ணென்றுமில்லை" என்ற வாக்கும் இருக்கிறது.

உறுதியில்லாதது, இவற்றை எப்படி ஒன்றாகச் சேர்ப்பது என்பது. தீமோத்தேயுவுக்கு எழுதியது ஒரு சபையில் எழுந்த ஒரு சிக்கலுக்கான கட்டளையா, எக்காலத்துக்குமான சட்டமா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். கொரிந்தியர் 14இன் அந்த இரண்டு வசனங்கள் சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 40ஆம் வசனத்துக்குப் பிறகு வருகின்றன. அதனால் அவை பவுல் எழுதியவை அல்ல, பிற்காலச் சேர்க்கை என்று சிலர் கருதுகிறார்கள். அவை அறவே இல்லாத பிரதி ஒன்றும் கிடைக்கவில்லை என்று மற்றவர்கள் பதில் சொல்கிறார்கள்; அந்தப் பதிலுக்கு எடை உண்டு. கத்தோலிக்க சபையின் விவிலிய ஆணையமே 1976இல், புதிய ஏற்பாட்டை மட்டும் வைத்து இந்தக் கேள்வியை முடிவுகட்டிவிட முடியாது என்ற கருத்துக்கு வந்தது. ஆகவே "வசனம் தெளிவாக இருக்கிறது" என்று எந்தப் பக்கத்தார் சொன்னாலும் எனக்கு ஒப்புதல் இல்லை, என் பக்கத்தார் சொன்னாலும்கூட.

அப்படியானால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? குருப்பட்டம் என்றால் என்ன என்பதிலேயே சபைகள் வேறுபடுகின்றன. கத்தோலிக்கருக்கு நற்கருணைப் பலியை நிறைவேற்றும் குரு கிறிஸ்துவின் ஆளாக நிற்கிறார். கிறிஸ்து ஆண், அவர் தேர்ந்த பன்னிருவரும் ஆண்கள், அந்த மரபை மாற்றச் சபைக்கே அதிகாரமில்லை என்பது அவர்கள் வாதம். சீர்திருத்த சபைகளில் எதிர்ப்பவர்களுக்குப் பலிபீடம் பெரிய விஷயமில்லை. ஆண்கள்மேல் போதக அதிகாரம் பெண்ணுக்கு உண்டா என்பதுதான் கேள்வி. இதனால் ஒரு விசித்திரமான நிலை உண்டாகிறது. குருமாணவர்களுக்கு இறையியல் கற்பிக்கும் கத்தோலிக்கப் பெண் பேராசிரியர்கள் உண்டு, ஆனால் திருப்பலி நிறைவேற்ற முடியாது. வேறு சில சபைகளில் பெண் பெரியவர்களான ஆண்களுக்கு வேதபாடம் எடுப்பதற்கே தடை. உங்கள் மகள் எதிர்ப்பைச் சந்திக்கும்போது அது இந்த இரண்டில் எது என்று முதலில் பார்க்க வேண்டும். ஒன்றுக்குச் சொல்லும் பதில் மற்றொன்றுக்குப் பொருந்தாது.

இனி வரலாறு. பல ஆண்டுகள் இதைக் கற்பித்ததில் எனக்கு ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டிருக்கிறது. பெண்களுக்கு ஊழிய அதிகாரம் கிடைத்த பல இடங்களில் முதலில் வந்தது கொள்கை அல்ல, தேவை. ஆள் இல்லை, அவசரம், வேறு வழியில்லை, அதனால் கொடுத்தார்கள். கொள்கையாக எழுதிவைக்காமல் தேவைக்காக மட்டும் கொடுத்த இடங்களில், தேவை தீர்ந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நீங்கள் கேட்ட "நிலைக்குமா" என்பதற்கு விடை இதற்குள்தான் இருக்கிறது.

ஆதிசபையின் பெண் டீக்கன்களையே பாருங்கள். டீக்கன் என்பது குருவுக்கு அடுத்த நிலையில் உள்ள ஊழியப் பட்டம். 451இல் கூடிய கல்கேதோன் பொதுச்சங்கம், 40 வயதுக்குக் குறைந்த பெண்ணை டீக்கனாக நியமிக்கக் கூடாது என்று விதித்தது. வயது வரம்பு விதிக்கிறார்கள் என்றால் வழக்கம் நடப்பில் இருந்தது என்றுதானே பொருள்? 535இல் பேரரசர் ஜஸ்டினியன் கான்ஸ்தாந்திநோபிளின் பெரிய ஆலயத்துக்கு இத்தனை ஊழியர் என்று கணக்கு வகுத்தபோது அதில் 40 பெண் டீக்கன்களும் இருந்தார்கள். 8ஆம் நூற்றாண்டின் கிரேக்க வழிபாட்டு ஏடு ஒன்றில் பேராயர் பலிபீடத்தண்டையில் கைகளை வைத்துப் பெண் டீக்கனை ஏற்படுத்தும் முறை அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. அது ஆண் டீக்கனின் பட்டத்துக்கு இணையானதா என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் அவர்களுடைய பணிகளில் முக்கியமானது ஞானஸ்நானம் பெறும் வயதுவந்த பெண்களுக்குத் தண்ணீரில் உடனிருந்து உதவுவது. குழந்தை ஞானஸ்நானம் பொதுவழக்கமானதும் அந்தப் பணி சுருங்கியது, பதவியும் தேய்ந்தது. மேற்கே அதற்கும் முன்பே 533இல் ஓர்லியான் சங்கம், பெண்பாலின் பலவீனத்தைக் காரணம் காட்டி, இனி எந்தப் பெண்ணுக்கும் இந்தப் பட்டம் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது.

மெதடிஸ்டுகளிடம் இதே கதை வேறு உருவில் நடந்தது. எழுப்புதல் பரவிய காலத்தில், 1761இல், சாரா கிராஸ்பி என்ற பெண் கூட்டங்களில் பேசுவதற்கு, இயக்கத்தின் தலைவரான ஜான் வெஸ்லி சம்மதித்தார். போகப்போகப் பெண்கள் வெளிப்படையாகவே பிரசங்கித்தார்கள். இயக்கத்துக்கு ஆள் வேண்டியிருந்தது, பலனும் கண்ணெதிரே தெரிந்தது. வெஸ்லி 1791இல் காலமானார். இயக்கம் ஒழுங்கான சபையாக மாறியது. 1803இல் கூடிய மாநாடு, பொதுவாகப் பெண்கள் பிரசங்கிக்கக் கூடாது, அசாதாரணமான அழைப்பு உடையவரானால் பெண்களிடம் மட்டும் பேசலாம் என்று சுருக்கிவிட்டது. பிரிட்டனின் மெதடிஸ்ட் சபையில் பெண்களுக்கு முழுக் குருப்பட்டம் 1974இல்தான் வந்தது. ஒரு தலைமுறையில் பெற்றதை இழந்து, மீண்டும் பெற 170 ஆண்டுகளுக்கு மேல்.

நம் காலத்துக்கு நெருங்கி வந்தால், நான் வகுப்பில் அதிக நேரம் நின்று பேசுவது லீ டிம்-ஒய் அம்மையாரைப் பற்றித்தான். 1907இல் ஹாங்காங்கில் பிறந்தவர். இறையியல் படித்து டீக்கனாகி மக்காவ் நகரின் ஆங்கிலிகன் சபையைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஜப்பானியப் படை ஹாங்காங்கைப் பிடித்ததும் மக்காவ் அகதிகளால் நிறைந்தது. திருவிருந்து நடத்தக் குரு யாரும் அங்கே வந்து சேர முடியவில்லை. சபையை மேய்ப்பதும் பிரசங்கிப்பதும் அடக்கம் செய்வதும் அவர்தான், அப்பத்தை ஆசீர்வதிப்பதற்குரிய குருப்பட்டம் மட்டும் இல்லை. பேராயர் ரொனால்ட் ஹால் 1944 ஜனவரி 25ஆம் தேதி, சீனாவில் ஜப்பானியர் பிடிக்காத ஓரிடத்துக்கு அவரை வரவழைத்துக் குருப்பட்டம் கொடுத்தார். ஆங்கிலிகன் சபை வரலாற்றில் முதல் பெண் குரு அவரே. ஹால் இதைப் பெண்ணுரிமைப் போராட்டமாகச் செய்யவில்லை. பேதுரு கொர்நேலியுவின் வீட்டில் செய்ததை ஒத்த காரியம் என்றார்: தேவன் ஏற்கெனவே வரம் கொடுத்துவிட்டதைக் கண்டபின் தடுக்க நான் யார் என்ற மனநிலை அது.

போர் முடிந்தது. குருக்கள் மீண்டும் பயணம் செய்ய முடிந்தது. உடனே எதிர்ப்பு கிளம்பியது. ஆங்கிலிகன் தலைமைப் பேராயரின் இடமான கான்டர்பரி வரைக்கும் விஷயம் போய், ஹால்மேல் அழுத்தம் வந்தது. தன்னால் பேராயருக்கு நெருக்கடி வேண்டாம் என்று 1946இல் லீ டிம்-ஒய் குருவாகப் பணிசெய்யும் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார். பட்டத்தைத் துறக்கவில்லை, உரிமத்தை மட்டுமே கொடுத்தார். இந்த வேறுபாடு பின்னாளில் பெரிதாயிற்று. சீனச் சபை இதை 20 ஆண்டுச் சோதனையாகவாவது அனுமதியுங்கள் என்று கேட்டதை உலக ஆங்கிலிகன் பேராயர்கள் கூடிய 1948 லாம்பெத் மாநாடு ஏற்கவில்லை. அவர் சீனாவில் தங்கினார். பண்பாட்டுப் புரட்சியில் ஆலயங்கள் மூடப்பட்டு, பண்ணையிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்ய வைக்கப்பட்டார். 1971இல் ஹாங்காங் இன்னும் இரு பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்தது, இம்முறை முறைப்படி. 1980களில் கனடாவுக்குப் போன லீ டிம்-ஒய், டொரொண்டோவில் மீண்டும் குருவாகப் பலிபீடத்தில் நின்றார். 1992 பிப்ரவரியில் காலமானார். இங்கிலாந்து சபை பெண்களுக்குக் குருப்பட்டம் என்று தீர்மானித்தது அதே ஆண்டு நவம்பரில். அவரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். அவருடைய தகுதியில் அந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு மாற்றமும் ஏற்படவில்லை. மாறியது சபையின் அவசரம் மட்டுமே.

ஜெர்மனியிலும் இப்படித்தான். ஹிட்லருக்கு இணங்க மறுத்த சபைப் பிரிவில், ஆண் போதகர்கள் போர்முனையிலும் சிறையிலும் இருந்தபோது, 1943 ஜனவரியில் இல்சே ஹெர்ட்டர், ஹன்னலோரே ரைஃபன் என்ற இருவருக்கு ஆண்களுக்குரிய அதே பட்டம் கொடுக்கப்பட்டது. ஆண்கள் திரும்பியதும் இறையியல் படித்த பெண்கள் மீண்டும் சிறுவர் பணிக்கும் மாதர் பணிக்கும் ஒதுக்கப்பட்டார்கள். திருமணம் செய்தால் பணி போய்விடும் என்ற விதி பல ஜெர்மானியச் சபைகளில் பல ஆண்டுகள் நீடித்தது. கம்யூனிச ஆட்சியில் தலைமறைவாக இயங்கிய செக்கோஸ்லோவாகியக் கத்தோலிக்கரிடையே 1970இல் லுட்மிலா யவொரோவாவுக்கு ஆயர் ஒருவர் இரகசியமாகக் குருப்பட்டம் கொடுத்தார். சிறைகளில் இருந்த பெண்களுக்கு யார் ஊழியம் செய்வது என்ற கேள்வி அதற்குப் பின்னால் இருந்தது. ஆட்சி மாறிய பிறகு ரோமாபுரி அதை ஏற்கவில்லை.

கொள்கையாகவே எழுதிவைத்த இடங்களுக்கு இப்போது வருகிறேன். இங்கே சபையின் ஆட்சிமுறை பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது; பொதுவாக இதை யாரும் கவனிப்பதில்லை. ஒவ்வொரு சபையும் தன் போதகரைத் தானே தேர்ந்துகொள்ளும் மரபுகளில் முதல் பெண் மிகச் சீக்கிரம் வந்துவிடுவார். அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரி ஆன்ட்வனெட் பிரவுனை இறையியல் வகுப்பில் உட்கார அனுமதித்தது, பட்டம் தரவில்லை. ஆனாலும் 1853 செப்டம்பர் 15ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தின் ஒரு சிற்றூர்ச் சபை அவரைத் தன் போதகராக ஏற்படுத்திக்கொண்டது. அடுத்த ஆண்டே அவர் அங்கிருந்து விலகினார். அவருக்குப் பின்னால் ஓர் அமைப்பு இல்லை. மாறாக, முழுச் சபையும் கூடி முடிவெடுக்கும் மரபுகளில் காலதாமதம் அதிகம். ஆனால் முடிவெடுத்தபின் அது எல்லாருக்கும் சட்டம். டென்மார்க்கில் சட்டமே திருத்தப்பட்டு 1948இல் மூன்று பெண்கள் பட்டம் பெற்றார்கள். சுவீடனில் 1958இல் சட்டம், 1960இல் முதல் மூவர். ஸ்காட்லாந்து சபை 1968. அமெரிக்காவின் ஆங்கிலிகன் சபையான எப்பிஸ்கோப்பல் சபையில் 1974 ஜூலையில் 11 பெண்கள் அனுமதிக்குக் காத்திராமல் ஃபிலடெல்ஃபியாவில் பட்டம் பெற்றார்கள். இரண்டே ஆண்டில் சட்டம் அவர்கள் பின்னால் வந்து சேர்ந்தது. இங்கிலாந்து சபையில் 1992இல் குருக்கள் அல்லாத உறுப்பினர்களின் அவையான பொதுநிலையினர் அவையில் இரண்டு வாக்குகள் மாறியிருந்தால் தீர்மானம் தோற்றிருக்கும். பெண் பேராயர்களுக்கான தீர்மானம் 2012இல் அதே அவையில் ஆறு வாக்குகளில் தோற்று, 2014இல் வென்று, 2015இல் லிபி லேன் முதல் பெண் பேராயரானார். அதற்கு முன்பே 1989இல் பாஸ்டனில் பார்பரா ஹாரிஸ், 1992இல் ஹாம்பர்கில் லூத்தரன் பேராயராக மரியா யெப்சன், 2012இல் ஸ்வாசிலாந்தில் எல்லினா வாமுகோயா, 2013இல் தென்னிந்தியத் திருச்சபையின் நந்தியால் திருமண்டலத்தில் புஷ்பலலிதா என்று வரிசை நீண்டுவிட்டது. 2025 அக்டோபரில், முன்பு செவிலியராக இருந்த சாரா மல்லாலி கான்டர்பரி பேராயர் பதவிக்கு அறிவிக்கப்பட்டார்.

இந்த வரிசையை மட்டும் பார்த்தால், காலம் ஒரே திசையில் போகிறது என்று தோன்றும். அது சரியல்ல. லாட்வியாவின் லூத்தரன் சபை சோவியத் ஆட்சியில் போதகர் பற்றாக்குறை இருந்தபோது 1975 முதல் பெண்களுக்குப் பட்டம் கொடுத்தது. 1993இல் புதிய பேராயர் வந்ததும் அதை நிறுத்திவிட்டார். 2016இல் அதன் ஆட்சிமன்றமான சினோடு, ஆண்களுக்கு மட்டுமே குருப்பட்டம் என்று நான்கில் மூன்று பங்குக்கும் மேலான வாக்குகளால் சட்டமாகவே எழுதிவிட்டது. ஆஸ்திரேலியாவின் பிரெஸ்பிட்டேரியன் சபை 1974இல் கொடுத்த அனுமதியை 1991இல் ரத்து செய்தது. அமெரிக்காவின் தெற்கு பாப்டிஸ்ட் கூட்டமைப்பில் 1964இலேயே ஆடி டேவிஸ் என்ற பெண் பட்டம் பெற்றிருக்கிறார். ஆனால் அந்தக் கூட்டமைப்பு 2000இல் போதகர் பதவி ஆண்களுக்கே என்று விசுவாச அறிக்கையில் சேர்த்தது. 2023இல் பெண் போதகரை வைத்திருந்த தன் மிகப் பெரிய சபைகளில் ஒன்றையே வெளியேற்றியது. அந்தத் தடையை அமைப்புச் சட்டத்திலும் சேர்க்க 2024இல் வந்த திருத்தம் 61 விழுக்காடு வாக்கு பெற்றும், மூன்றில் இரண்டு பங்கு எட்டாததால் தோற்றது. ஆகவே "காலப்போக்கில் எல்லாரும் ஏற்பார்களா" என்ற கேள்விக்கு என் நேரான பதில்: இல்லை, அப்படி எந்த விதியும் இல்லை. சில சபைகளில் எதிர்ப்பு கிழவர்களோடு முடிந்துபோகும் பழைய பழக்கமாக இல்லை. அது இளம் போதகர்கள் புதிதாகக் கையிலெடுத்திருக்கும் அடையாளமாகவே இருக்கிறது.

கத்தோலிக்க சபை 1994இல் போப் இரண்டாம் யோவான் பவுல் வழியாக, பெண்களுக்குக் குருப்பட்டம் அளிக்கச் சபைக்கு அதிகாரமே இல்லை, இதை எல்லா விசுவாசிகளும் முடிவான தீர்ப்பாகக் கொள்ளவேண்டும் என்று அறிவித்துவிட்டது. பெண் டீக்கன்கள் பற்றிய கேள்வியை மட்டும் ஆணையங்கள் ஆராய்ந்து வந்திருக்கின்றன. போப் பிரான்சிஸ் காலத்தில், வழிபாட்டில் வேதம் வாசிக்கும் வாசகர், பீடத்தில் உதவும் பீடத்துணைவர் ஆகிய பணிகள் 2021இல் பெண்களுக்கு முறைப்படி திறக்கப்பட்டன; 2023 ஆயர் மாமன்றத்தில் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தார்கள். இவை உண்மையான மாற்றங்கள். ஆனாலும் இவற்றைக் குருப்பட்டத்தை நோக்கிய படிகள் என்று சொல்வதற்கு ஆவணங்களில் ஆதாரம் இல்லை. ஆர்த்தடாக்ஸ் உலகில், அலெக்சாந்திரியப் பேராயத்தின் கீழ் 2024 மே மாதம் ஜிம்பாப்வேயில் ஒரு பெண் டீக்கன் ஏற்படுத்தப்பட்டார். அது பழைய வழக்கத்தை மீட்பதாகவே சொல்லப்பட்டது.

இனி, உங்கள் மகளின் வாழ்க்கையை நேரடியாகத் தொடும் விஷயம். தீர்மானம் நிறைவேறிவிட்டது, பட்டமும் கிடைத்துவிட்டது. பிறகு? என் அனுபவத்தில் உண்மையான தடை இங்கேதான் தொடங்குகிறது. சுவீடன் சபையில் 2020இல் பெண் குருக்களின் எண்ணிக்கை ஆண்களைத் தாண்டிவிட்டது. அப்போதும் தலைமைக் குரு பொறுப்பில் பெண்கள் குறைவு, சராசரிச் சம்பளமும் குறைவு. இங்கிலாந்து சபையில் குருக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சம்பளமில்லாத பணியில் அவர்களுடைய பங்கு இன்னும் அதிகம், பெரிய சபைகளின் தலைமையில் மிகவும் குறைவு. அங்கே பெண் குருவை ஏற்க மனமில்லாத சபைகள் தங்களுக்கு வேறு பேராயரின் மேற்பார்வையைக் கேட்டுப் பெற 1993 முதல் ஏற்பாடு உண்டு. பிளவு வராமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. அதன் காரணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தன் பட்டத்தை ஏற்காதிருக்கத் தன் சபையின் ஏற்பாடே இடம் கொடுத்திருப்பதை நாள்தோறும் சுமக்கும் பெண்ணின் நிலையை நினைத்துப் பாருங்கள். சுவீடன் வேறு வழியில் போனது: எதிர்ப்பவர்களுக்கான மனசாட்சி விதிவிலக்கை 1982இல் நீக்கியது. எது சரி என்பதில் என் மாணவர்களிடையே ஒவ்வோர் ஆண்டும் வாதம் நடக்கும். என் சாய்வு சுவீடன் பக்கம்.

பணிக்குப் போன பெண்கள் சொல்வதில் சில விஷயங்கள் சபைக்குச் சபை மாறாமல் வருகின்றன. முதல் நியமனம் கிடைத்துவிடும். உதவிக் குருவாகவோ பெரிய குழுவில் ஒருவராகவோ வைத்துக்கொள்வார்கள். இரண்டாவது, மூன்றாவது நியமனத்தில்தான் தேக்கம் வரும். கூடப் படித்த ஆண் தனிப்பொறுப்பில் பெரிய சபைக்குப் போயிருப்பார். இவர் இன்னும் உதவியாளராகவோ, மருத்துவமனைக் குருவாகவோ, யாரும் விரும்பாத இரண்டு மூன்று சிறு சபைகளைச் சேர்த்துக் கவனிப்பவராகவோ இருப்பார். அந்தப் பணிகள் தாழ்ந்தவை அல்ல. ஆனால் அவை பெண்களுக்கு மட்டும் நிரந்தரமாக ஒதுக்கப்படுவது சரியல்ல. பிரசவ விடுப்பு எழுத்தில் இருக்காது, கேட்டால் "பார்த்துக்கொள்வோம்" என்பார்கள். கணவனும் குருவாக இருந்தால் அவருடைய நியமனத்தைப் பார்த்து இவருடையது தீர்மானிக்கப்படும். திருமணமாகாதவர் என்றால் அதுவே ஒரு கேள்வி. யாராவது தவறாக நடந்துகொண்டால் புகார் கொடுக்க வேண்டிய இடத்தில், அடுத்த நியமனத்தை முடிவு செய்பவரே இருப்பார். அங்கே பலர் வாய் திறப்பதில்லை.

"சபையார் ஏற்க மாட்டார்கள்" என்று மேலிடம் சொல்வதை மட்டும் நான் இப்போது நம்புவதில்லை. 1980களில் அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வர்ட் லேமன் சபை உறுப்பினர்களிடையே செய்த ஆய்வுகள், பெண் போதகரின் பணியை நேரில் அனுபவித்தவர்களிடம் எதிர்ப்பு குறைகிறது என்று காட்டின. நான் பார்த்ததும் அதுதான். நோயாளியின் கட்டிலருகே ஜெபித்தவரை, வீட்டில் சாவு விழுந்த இரவில் வந்து உட்கார்ந்தவரை, பெண் என்ற காரணத்துக்காகப் பிறகு ஒதுக்குகிறவர்கள் குறைவு. உபதேச அடிப்படையிலேயே எதிர்ப்பவர்களுக்கு இது பொருந்தாது; அவர்கள் அன்பாகவே இருந்துகொண்டு எதிர்ப்பார்கள். ஆனால் சாதாரண விசுவாசிகளின் தயக்கம், நியமனக் குழுக்கள் நினைப்பதைவிட மெல்லியது.

ஆகவே, மகள் படிக்கட்டும் என்றே சொல்வேன். அழைப்பு உண்மையானால் தடைகளை எண்ணி அதை அடக்கி வைப்பது அவளுக்கு நல்லதல்ல. ஆனால் ஒரு சபையின் பயிற்சியில் சேரும் முன் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். பெண்களின் குருப்பட்டம் அந்தச் சபையின் அமைப்புச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது இப்போதுள்ள பேராயரின் நல்ல மனதில் மட்டும் நிற்கிறதா? லாட்வியாவில் நடந்ததை மறக்க வேண்டாம். கடந்த பத்தாண்டில் பட்டம் பெற்ற பெண்களில் எத்தனை பேர் இன்று தனிப்பொறுப்பில் இருக்கிறார்கள்? எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்ற கணக்கைப் பெருமையாகச் சொல்வார்கள், நீங்கள் கேட்க வேண்டியது அடுத்த கணக்கை. பிரசவ விடுப்பும் குடியிருப்பும் எழுத்தில் உண்டா? புகாரை விசாரிக்கும் குழு, நியமனம் செய்யும் குழுவிலிருந்து தனியாக இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அங்கே பட்டம் பெற்ற இரண்டு மூன்று பெண்களிடம் அவள் உட்கார்ந்து பேச வேண்டும். அப்போது நீங்கள் உடன் போகாமல் இருப்பது நல்லது. பெற்றவர்கள் எதிரில் சொல்லத் தயங்குவதை அவளிடம் தனியாகச் சொல்வார்கள்.